ஆறு நனைத்த நெல்

லூர்துசெல்விக்கு நடந்துகொண்டே கனவு காண்கிற பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் கோலியனூர்ப் பக்கத்து மில் ஒன்றின் களத்தில், அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கிற வேலை பார்த்தாள். சூடான நெல்லுக்குள் பாதங்களை இழுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பும்போது, ஆவி முழங்கால்வரை எழும்பும். நடப்பது தரையிலா மேகத்திலா என்பதே மறந்துபோகும். மேஸ்திரி நாலுமுறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அருள்நாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் களமும் இல்லை, ஆவியும் இல்லை. அவர் பம்புசெட் மோட்டாருக்குள் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். மனைவி எங்கோ பார்த்தபடி நின்றால், அடுப்பில் பொங்கும் பாலைத் தாமே போய் இறக்கிவைப்பார்.

ஒரு கார்த்திகையில் புயல் மழை பெய்து பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த காலையில் ஊர் வேறொரு ஊராக இருந்தது. தெருவெங்கும் வழவழவென்று வண்டல். கரும்பெல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துத் தூங்குவதுபோல் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு, நனைந்த நெல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் குடும்பத்துக்கு அது ஒரு வருஷச் சோறு. சாக்கின் இழை நடுவே வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது.

"யாவாரி வந்து பாத்தான். மாட்டுக்குப் போடுன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்" என்றாள்.

லூர்துசெல்வி சாக்குக்குள் கையை விட்டாள். உள்ளே நெல் கதகதவென்று இருந்தது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் போல. கையை எடுக்க மனம் வரவில்லை.

"அவிச்சிடலாங்க்கா. அவிச்சா முளை நின்னுடும்."

"இவ்ளோத்தயும் எதுலடி அவிப்ப?"

"கோயில்ல அண்டா இருக்குதில்ல."

மாதா திருவிழாவுக்குச் சோறாக்குகிற அண்டாக்கள் அவை. பாதரிடம் கேட்டாள். "எடுத்துக்கினு போம்மா" என்றார் அவர். புயலில் விழுந்த முருங்கையும் வேம்பும் விறகாயின. புகைந்து புகைந்துதான் எரிந்தன. மதியத்துக்குள் தெருவே மூட்டையோடு வந்து நின்றது. நெல் வேகிற ஆவி கூரைகளைத் தாண்டிப் போய், இன்னும் வடியாத வயல்களின் மேல் மெல்லப் படர்ந்தது. வெயில் வந்ததும் கோயில் சிமெண்ட் தரை முழுக்க நெல் பொன்னிறமாய்க் காய்ந்தது.

காய்ந்த நெல்லை அரைக்கப் போனால் டவுன் மில்லில் வாங்கவில்லை. வாடை அடிக்கிறதாம், இவ்வளவு சில்லறையாக அரைக்க முடியாதாம். திரும்பி வந்த சின்னபொண்ணு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு இதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அருள்நாதன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்கங்க போறீங்க?"

"திண்டிவனம். எங்க சித்தப்பா கொட்டாயில பழைய ஹல்லர் ஒண்ணு கெடக்குது."

சாயங்காலம் மினி லாரியில் துருவேறிய அரவை மிஷின் வந்து இறங்கியது. அதன் வாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. கூடு காலியா என்று பார்த்த பிறகே அருள்நாதன் ஸ்பேனரைத் தொட்டார். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் ஒன்றைப் பிரித்து, புதிதாய்ச் சுற்றி, அதோடு பெல்ட் மாட்டினார். அரிசி விழத் தொடங்கியபோது லூர்துசெல்வி இரு கையையும் ஏந்தினாள். பழுப்பாய், பாதி நொய்யாய், இளஞ்சூடாய் விழுந்தது. அவளுக்கு ஏனோ கண் நிறைந்தது.

சின்னபொண்ணு அன்றே உலை வைத்தாள். மறுநாள் வந்து சொன்னாள்: "ஆத்து வாசனை அடிக்குதுடி. ஆனா புள்ளைங்க ரெண்டாந்தரம் கேட்டுத் துன்னுச்சுங்க."

தை பிறந்ததும் நனையாத புது நெல்லோடு, அரைத்துத் தரச் சொல்லி ஆட்கள் வந்தார்கள்.

"என்னா சொல்லி அனுப்புறது?" என்று அருள்நாதன் கேட்டார்.

"எறக்கி வைக்கச் சொல்லுங்க."

மாசியில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை எழுந்தது. இப்போது அரவை முடிந்து அருள்நாதன் வெளியே வந்தால் புருவத்திலும் இமையிலும் தவிடு படிந்திருக்கும், திடீரென்று கிழவரானதுபோல. லூர்துசெல்வி முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரிப்பாள். எதற்கு என்று அவர் கேட்பதில்லை.