கூடாரத்தைக் கிழித்தவன்

தன் புருஷன் கஜபதியைக் கண்டால் காஞ்சனாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அருவருப்பு பிறகு வந்தது.

கே.ஜி.கண்டிகையில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். யுத்தம் முடிந்த மறு வருஷம் திருத்தணியில் ஒரு டெண்டு கொட்டாய் வந்து இறங்கியது. அதில் ஓடிய படத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் உத்தமன், பாடுவான், அழுவான், நீதி பேசுவான். தம்பி குடிகாரன். கடைசியில் அண்ணனே தம்பியைக் காவலரிடம் பிடித்துக் கொடுப்பான், கொட்டாயே விம்மும்.

கஜபதி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தான். அதோடு அங்கவஸ்திரம் தோளுக்கு ஏறியது. மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதுகூடச் செந்தமிழ் வந்தது. நாலு பேர் கூடியிருந்தால், "தம்பி, குலத்தின் பெயரைக் கெடுக்காதே!" என்று தன் தம்பி தேசப்பனைப் பார்த்துக் குரல் நடுங்கச் சொல்வான்.

தேசப்பனுக்குக் கள்ளும் சேவல் சண்டையும் போதும். மடியில் எப்போதும் ஒரு சூரிக்கத்தி. "இன்னா அண்ணாத்த, சாமி வந்துட்சா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவான்.

பெரியவன் தங்கம், சின்னவன் தறுதலை என்றது ஊர்.

ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறி இறங்கியதும் கஜபதி காஞ்சனாவையும் அந்தப் படத்துக்கு அழைத்துப் போனான். பெண்கள் பக்கத்தைப் பிரித்து மார்பளவு மண்சுவர். வாசல் ஆண்கள் பக்கம் மட்டும். பாதிப் படத்தில் படம் ஓட்டும் மிஷின் பற்றிக்கொண்டது. நெருப்பு கீற்றுத் தட்டிக்குத் தாவியது. காஞ்சனா சுவருக்கு அந்தப் பக்கம் கஜபதியைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் ஓடினான்.

அவள் முதுகுக்குப் பின்னால் கூடாரத் துணி சரசரவென்று கிழிந்தது. டிக்கெட் இல்லாமல் நுழைய வெளியே பதுங்கியிருந்த தேசப்பன்தான்.

"அண்ணி, தலைய குனிஞ்சிகினு வா!"

அவளை இழுத்துப் போட்டுவிட்டு மற்றப் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளினான். உயிர்ச்சேதம் இல்லை. அவன் கைகள் இரண்டும் வெந்துபோயின.

கூடாரத்தைக் கிழித்ததும் தீ வைத்ததும் அந்த ரவுடிதான் என்று கொட்டாய்க்காரன் எழுதிக் கொடுத்தான். மறுநாள் காலை ஏட்டு வந்து தேசப்பனைப் பிடித்தார். ஊரே கூடியது. ஏட்டு அண்ணனிடம் விசாரித்தார்.

கஜபதி கண்ணை ஒற்றிக்கொண்டான். "நீதிக்கு முன் உறவேது? செய்யக்கூடியவன்தான். கொண்டு போங்கள்."

"கஜபதி கஜபதிதான்!" என்று உருகினார்கள். காஞ்சனா கிட்டத்தில் நின்றிருந்தாள். ஒற்றிய கண்ணில் ஈரமே இல்லை.

"ஏட்டய்யா, மிஷினுதான் பத்திக்கிச்சி. இவன் கிழிக்கலன்னா நாங்க அத்தினி பேரும் சாம்பலுங்க. நீதி பேசறாரே இவரு, பொண்டாட்டிய விட்டுட்டு மொதல்ல ஓடனவரு. இவரு இன்னாத்த கண்டாரு சாட்சி சொல்றதுக்கு?"

"பெண்ணே!" என்றான் கஜபதி.

"வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்களோ அப்டியே கூப்புடுங்க. இது ஒண்ணும் கொட்டாய் இல்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தப்பி வந்த இன்னும் இரண்டு பெண்கள், "ஆங், அந்தம்மா சொல்றது நெசந்தாங்க" என்றார்கள். ஏட்டு கையை எடுத்தார்.

அதற்காகத் தேசப்பனை அவள் கும்பிட்டுவிடவில்லை. கைப்புண் ஆறுவதற்குள் அவளுடைய பித்தளைக் குடத்தைக் கள்ளுக்கடையில் அடகு வைத்துவிட்டான். கேட்டதற்கு, "உசுரையே காப்பாத்தனேன், ஒரு கொடத்துக்குப் பேசறியே அண்ணி!" என்று இளித்தான்.

"தூ!" என்றாள்.

இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். கஜபதி இலையில் மட்டும் பேச்சில்லாமல் போட்டாள்.

ஒரு வருஷம் போனது. கனகம்மாசத்திரம் கடைகளில் கஜபதி புதுக் கதை சொல்ல ஆரம்பித்தான்: நெருப்புக்குள் பாய்ந்து கூடாரத்தைக் கிழித்தது அவனாம். ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்களாம். அந்தப் பக்கம் போய் வந்த ஊர்க்காரன் பங்காரு இதைச் சொன்னபோது காஞ்சனா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. போய் மறுக்கும் அளவுக்குக்கூட அந்த மனிதனை அவள் மதிக்கவில்லை.