ஓசியில் வரும்போது யார் வாங்குவார்கள்?

இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் சிவநேசன் அண்ணா வீட்டு கராஜில் நாங்கள் ஆறு பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இங்கே ஒரு மருத்துவமனை கழித்துவிட்ட பத்து வார்மர்கள் — பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் மெஷின் — ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்குக் கப்பல் ஏறவிருந்தன. எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி.

சிசோமோவை நான்தான் அழைத்துப் போயிருந்தேன். மலாவியில் ஒரு சின்ன மருத்துவமனையில் மெஷின் ரிப்பேர் செய்பவர். பயிற்சிக்காக இங்கே வெஸ்ட்மீட் மருத்துவமனைக்கு வந்திருந்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு வார்மரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு ஹீட்டர் பழுதானால் புதிது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

யாருக்குத் தெரியும்?

போனில் ஒரு போட்டோ காட்டினார். அவர்கள் மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு அறை. கூரை வரை மெஷின்கள். எல்லாம் அன்பளிப்பு, எல்லாமே பழுது. கொடுத்தவர் பெயர் போட்ட ஸ்டிக்கர்கள் மட்டும் பளபளவென்று...

அடுத்த போட்டோவில் பலகையால் செய்த ஒரு வார்மர். அவரும் நண்பரும் உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. எல்லாம் அங்கேயே கிடைக்கும் பாகங்கள். நன்றாக வேலை செய்கிறதாம். ஆனால் வாங்கச் சொல்லிப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில் — அடுத்த கப்பலில் ஓசியில் வரும்போது காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? நண்பர் இப்போது அதே பட்டறையில் ஜன்னல் செய்துகொண்டிருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உதவ வந்தவர்களிடம் இப்படியா பேசுவது?

சிவநேசன் அண்ணா கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். தச்சு வேலை தெரிந்தவர். இலங்கையில் போர்க்காலத்தில் இரண்டு வருடம் முகாமில் இருந்தவர்.

"முகாமில அரிசி தந்தவை, பருப்பு தந்தவை. குறை சொல்லேலாது, அதிலதான் உயிர் தப்பினது. ஆனா உனக்கு என்ன வேலை தெரியும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. ரெண்டு வருசம் சும்மா லைன்ல நிண்டனான்."

ஒரு மணி நேரம் வாக்குவாதம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே குழந்தைகள் குளிரில் நடுங்கும்போது இங்கே தத்துவம் பேசுகிறீர்களா என்று அவர்கள் கேட்டது தப்பா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கப்பலுக்கு வைத்திருந்த பணத்தில் சிசோமோவின் நண்பரிடம் நான்கு வார்மர் ஆர்டர் கொடுத்தோம், சிசோமோ வேலை செய்யும் மருத்துவமனைக்கே. இதுவும் உதவிதானே என்பீர்கள். ஆமாம். ஆனால் இந்த முறை ஒரு பட்டறைக்கு மறுபடி வார்மர் வேலை கிடைத்தது.

பத்து வார்மரும் இன்னும் கராஜில்தான். அண்ணாவின் கார் தெருவில் நிற்கிறது.

ஊர் திரும்பிவிட்ட சிசோமோ போன வாரம் மெசேஜ் அனுப்பினார். நான்கில் ஒன்று பழுதாகி, அரை நாளில் அவரே சரிசெய்துவிட்டாராம். பக்கத்து ஊர் கிளினிக் ஒன்று விலை கேட்டிருக்கிறதாம். எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — ஏதாவது கேட்டிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் எனக்கு வருத்தமாக இருந்தது!