சார்ஜன்ட் பார்த்து முடித்த படம்

போன கிழமை கைத்தொலைபேசியில் எதையோ தேடப்போக, அந்தப் பழைய இங்கிலீஷ் படம் தானாக வந்து நின்றது. இலவசமாம். ஒரு காலத்தில் அதன் கசெட்டுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல்!

யுத்தக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் மாடியில் ஒரு வாடகை அறை எனக்கு. ஞாயிறு பின்னேரங்களில் கந்தோரில் கூட வேலைசெய்த நண்பர்கள் மூவரும் நானும் யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படம் பார்ப்போம். பெரிய ரசிகர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்ட வயது. இந்தப் படம் ஒரு மேடை நாடகத்தை அப்படியே படமாக்கியது. சினிமா பேசத் தொடங்கிய புதிது. ஒரே அறை, ஒரு பிணம். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்திருந்தார்களோ என்னவோ, எல்லோரும் அதைச் சுற்றியே நின்று கதைத்தார்கள்.

அதன் கசெட் கிடைத்த அன்றைக்கு, ஊர் நண்பன் சிவநேசனையும் கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனை லொட்ஜில் கனடா விசாவுக்குக் காத்திருந்தவன். செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிந்து, அந்தப் பதிவுத் துண்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அவனுடையது லொட்ஜ் முதலாளியின் மேசை லாச்சிக்குள்.

"முதலாளி வெளியில போயிட்டார். நிண்டு வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்று போனில் கேட்டான்.

"படம் பாக்கத் துண்டு என்னத்துக்கடா? கெதியா வா."

மகா புத்திசாலி நான்.

படத்தில் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். நாங்கள் ஐந்து பேரும் எங்களையறியாமல் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடினோம். அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்து முடிக்குமுன், எங்கள் கதவையே தட்டினார்கள்.

ஒரு சார்ஜன்ட், துவக்கேந்திய பொலிஸ்காரர் இருவர். அட்டைகளை வாங்கிய சார்ஜன்ட் திரையைப் பார்த்தார்.

"யாரு கொன்னது?"

"இன்னும் தெரியாது சேர்."

கதிரையை இழுத்துச் சிவநேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடம். வேலைக்காரி அலறியபோது எங்களோடு சேர்ந்து சிரித்தார். கொலைகாரன் பிடிபட்டதும், "நான் நினைச்ச ஆள்தான்!" என்று தொடையில் தட்டினார். உண்மையைச் சொன்னால், அந்த மனுஷனை எனக்குப் பிடித்துக்கூடப் போயிற்று.

எழுந்து நாலு அட்டைகளைத் திருப்பித் தந்தார். துண்டில்லாத ஐந்தாவதைப் பார்த்தபடி, அதே சிரித்த முகத்தோடு, "மல்லி, தம்பி, வா போவம்," என்றார்.

கொண்டுபோகப் போகிறவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எப்படிப் படம் பார்ப்பான்? இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

"துண்டு லொட்ஜில இருக்கு சேர்," என்றான் சிவநேசன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமைக்கு முன்னம் விட்டிடுவாங்கள்தானே?" என்றான்.

"ஓம்," என்றேன்.

மறுநாள் துண்டோடு மூன்று பொலிஸ் நிலையங்களுக்கு ஓடினேன். அப்படியொருவரைக் கொண்டுவரவேயில்லை என்றார்கள்.

ஊரிலிருந்து அவனுடைய தாய் வந்தார். "துண்டை விட்டிட்டுப் போறவன் இல்லையே தம்பி, என்ர பிள்ளை?"

"அவசரத்தில மறந்திட்டான் அம்மா."

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். லொட்ஜ் இருந்த இடத்தில் நகைக்கடை. மகன் மறதிக்காரன் என்று நம்பியபடியே அந்தத் தாயும் கண்ணை மூடிவிட்டார். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு இனி ஒருவரும் இல்லை.