எடை குறையாத மணிகள்

மாத்தளையில் ஒரு மிளகு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டீசல் கியூவில் நின்று வெறுத்துப்போனவர். சீகிரியா ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கித் தன் லொறிக்கு எரிபொருளாக்க ஆசைப்பட்டார். நான் இரசாயனம் படித்தவள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைக் கடுகளவு மணிகளில் ஒட்டவைத்து விற்கிறார்கள். வேலை முடிந்ததும் வடித்தெடுத்து மறுபடி போடலாம், பத்துத் தடவை தாங்கும் என்று சவடால் அடித்தது நான்தான். தாங்காவிட்டால் உனக்கு வேலை இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஒரே தேயிலைத் தூளில் காலையும் மாலையும் பிளேன்டீ வடிக்கிற மனிதர். மறுபடி போடலாம் என்றதும் அவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

மணிகளைக் கழுவத்தான் விடவில்லை. எண்ணெய் மாறும்போது கிளிசரின் பிரிந்து அவற்றில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அதற்கான திரவத்தில் அலசாவிட்டால் நொதி வேலை செய்யாது. முதல் தடவை அலசியதும் மிளகுத் தராசில் போட்டுப் பார்த்தார். எடை குறைந்திருந்தது. அழுக்குப் போனால் குறையாதா? மனிதரின் முகம் செத்துப்போனது. அதன்பிறகு திரவப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஐந்தாம் தடவை எண்ணெய் பாதிகூட மாறவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எண்ணெயைப் பார்க்கவே இல்லை, மணிகளை நிறுத்தார்.

“இந்தா பாரு புள்ள, ஒரு கிராம் கொறையல. கூடித்தான் இருக்கு.”

கிளிசரினையும் சேர்த்து நிறுத்துவிட்டுப் பூரித்துப்போன அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பத்துத் தடவை என்று சொன்ன வாயாயிற்றே. மூடிக்கொண்டு, அந்த எண்ணெயையே லொறிக்கு ஊற்றக் கொடுத்தேன். அது என் குற்றம்தான், மறைக்க மாட்டேன்.

மறுநாள் தம்புள்ளைக்குப் போன லொறி வழியில் நாலந்தாவில் இருமி இருமி நின்றது. முன் சீட்டில் முதலாளி. மெக்கானிக் பில்டரைக் கழற்றி முகர்ந்துவிட்டு, இதில் யார் இறால் பொரித்தது என்று கேட்டாராம்.

திரும்பி வந்ததும் முதலாளி விசாரணை வைத்தார். கடை ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் மணிகளை மறுபடி நிறுத்துக் காட்டினார்.

“மணி மேல பிழையே இல்ல. எடை சரியா இருக்கு. பிழை உன் படிப்புலதான். நாளையிலேருந்து வராத.”

மணிகளைப் பையில் கட்டி, ஆறாம் தடவைக்கென்று பத்திரமாக உள்ளே கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்குப் போக யட்டவத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.