நூற்றிருபது நாட்கள்

நேர்காணல் முடிந்த நாளிலிருந்து நூற்றிருபது நாட்களுக்குள் குடியுரிமை மனுவின் மீது முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனுதாரர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். அமெரிக்கச் சட்டம் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. என் மகனுக்கு நேர்காணல் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் திருநெல்வேலியில் நீதிமன்ற அலுவலகத்தைக் கவனிக்கும் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். 2006 ஜூனில் ஆறு மாத விசாவில் அமெரிக்காவில் மகன் இருக்கும் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தேன். என் மனைவிக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். இருவரையும் சேர்த்து விட்டால் திரும்ப மாட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ. மகன் குடியுரிமை பெற்றால் தாய்க்கு அவனே மனுச் செய்யலாம். அதுவரை அவள் மேலப்பாளையத்தில், பேத்தியைப் புகைப்படத்தில் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பாதுகாப்புக்கான பெயர்ச் சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது என்று ஒரே வாசகத்தில் நான்கு கடிதங்கள் வந்திருந்தன. 'நிலுவை' என்ற சொல்லைப் பணிக்காலம் முழுவதும் நானே எழுதியிருக்கிறேன். கோப்பு எங்கே என்று தெரியாதபோது எழுதுவது அது.

"கேஸ் போடுலே" என்றேன்.

"வாப்பா, நம்ம பேருக்கு இது டைம் இல்ல. கவர்மென்ட் மேல கேஸ் போட்டா ஏதாவது லிஸ்ட்ல ஏத்திருவான்."

"இப்ப எந்த லிஸ்ட்ல இருக்கேன்னு தெரியுமா? அதத்தான் கேக்கச் சொல்லுதேன்."

"என் ஆபீஸ்ல ஒருத்தன் மூணு வருஷம் வெயிட் பண்ணி வாங்கிருக்கான்."

"அவன் உம்மாவும் மேலப்பாளையத்துலயா இருக்கா?"

மருமகள் சமையலறையிலிருந்து, "லாயர் வச்சுக்கலாமே மாமா" என்றாள். வக்கீல்களை எனக்குத் தெரியும். மனுவை நானே எழுதினேன், ஆங்கிலத்தில், பதினொரு பக்கம். 'மிகப் பணிவுடன்' மட்டும் ஏழு இடத்தில். அவள் அதையெல்லாம் அடித்து மூன்று பக்கமாக்கினாள். "இங்க கெஞ்ச வேணாம் மாமா. கேட்டா போதும்."

எஞ்சியது கையெழுத்து. பாதிக்கப்பட்டவனே வந்து கேட்டால்தான் நீதிமன்றம் கேட்கும். தகப்பனுக்கு அங்கே இடமில்லை. சரியான விதி என்பதால் எரிச்சல் இன்னும் அதிகம். மனு பல வாரம் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் உம்மா போனில் சொன்னாள்: "பயமா இருந்தா விட்டுருலே. நான் இங்கயே இருந்துக்கிடுதேன். வாப்பாவ மட்டும் சீக்கிரம் அனுப்பிராத, இப்பதான் வீட்டுல கேள்வி கேக்க ஆள் இல்ல."

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டேன்.

ட்ரென்டன் நீதிமன்றத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் மனுவைப் புரட்டினாள், எண் போட்டாள், முத்திரையிட்டாள், நல்ல நாளாக அமையட்டும் என்றாள். கவுன்ட்டரின் உட்புறத்தில் வாழ்ந்தவன் நான். எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் இவ்வளவு வேகமாக வாங்கிக்கொண்டால், குறையைப் பிற்பாடு எழுதி அனுப்பப் போகிறார் என்று அர்த்தம். வெளியே வந்ததும் மகனிடம் எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.

அடுத்தது சம்மன். வழக்கில் தரப்பினர் அல்லாத, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் அதைச் சேர்ப்பிக்கலாம். கையெழுத்துக்கு ஆகாத தகப்பன் இதற்கு ஆவான். எங்கள் ஊரில் சம்மன் கொண்டுபோகும் அமீனாக்கள் டீக்கடையில் உட்கார்ந்தே 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதியவர்கள். நான் செப்டம்பர் நடுவில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூவார்க் போய், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். நகலில் போட்ட முத்திரையின் மை உலரும்வரை அங்கேயே நின்றேன். காவலர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சந்தேகம்.

பதில் சொல்ல அரசுக்கு அறுபது நாள் அவகாசம். ஐந்தாவது வாரமே அரசு வழக்கறிஞர் ஒருவர் மகனைப் போனில் அழைத்தார். பெயர்ச் சரிபார்ப்பு முடிந்துவிட்டதாம். வழக்கைத் திரும்பப் பெற முடியுமா என்றார்.

"ஒரு வருஷமா முடியாதது அஞ்சு வாரத்துல எப்படி முடிஞ்சுதுன்னு கேளு."

"கேக்க மாட்டேன் வாப்பா. ஆனா லெட்டர் வராம வாபஸ் வாங்கவும் மாட்டேன்."

அவன் என் மகன்தான் என்பதில் அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. திரும்பப் பெறும் தாளை அவன் கையெழுத்திடாமல் வைத்திருந்தான். குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொள்ள வரச் சொல்லும் கடிதம் 2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை வந்தது.