துவக்கின் எண்ணைப் பார்க்கத் தவறினேன்

"பொம்பளப் புள்ளய நம்பியா துவக்கு வாங்கப் போற?" என்று தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அப்பாவிடம் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் அழித்ததால், அவற்றைச் சுடத் துவக்கு வைத்திருக்க அப்பாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த ஞாயிறு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பழைய துவக்குகள் விற்றார்கள். இங்கிலாந்து திரும்பும் வெள்ளைக்காரத் துரைமாரின் துவக்குகள் உரிமைப் பத்திரத்தோடு கிடைக்கும் என்று ஆங்கில விளம்பரத்தில் வாசித்து, நுவரெலியாவை நான்தான் தேர்ந்தேன்.

வியாபாரி நீட்டிய பத்திரத்தை உரக்க வாசித்தேன்.

"தங்கச்சி வெள்ளக்காரி மாதிரியில்ல வாசிக்குது!" என்றார் அவர்.

பூரித்துப்போய், "எல்லாம் சரிங்கப்பா" என்றேன்.

கைநாட்டு வைக்கப் போன அப்பா, துவக்கின் குழாயில் பொறித்திருந்த எண்ணைத் தடவினார். "ஆத்தா, பேப்பருல கடைசி எழுத்து நேரா நிக்குது. இதுல வளைஞ்சிருக்கே?"

பத்திரத்தில் எண் ஒன்றில் முடிந்தது, துவக்கில் ஆறில். அது வேறு யாருடைய துவக்கோ! வாங்கியிருந்தால் பொலிஸில் அப்பாதான் மாட்டியிருப்பார். வியாபாரி அதைச் சாக்கில் சுருட்டினார்.

இப்போது நான் துவக்கை வாசித்த பிறகுதான் பத்திரத்தை வாசிப்பேன். டிக்கோயாவில் ஒருவர் துவக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், "குழாயிலுள்ள எண்ணை எழுதி அனுப்புங்கள், பொலிஸில் கேட்ட பிறகே வருவோம்" என்று கடிதம் போட்டுவிட்டேன்.