பதினஞ்சாவது வண்டியும் மஞ்சக் கோடும்

லிஃப்ட் சோதனை பண்ற அக்காவுக்கு ஆபீஸ்ல வச்ச பட்டப்பேரு பூதக்கண்ணாடி. இருபத்திரெண்டு வருஷமா அவங்க கையெழுத்து இல்லாம அந்தப் பக்கத்துல ஒரு லிஃப்டும் ஓடினதில்ல. கயிறு, கதவு, பிரேக்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டுத்தான் பேனா மூடியவே கழட்டுவாங்க. "நேத்துதான் மேடம் சர்வீஸ் பண்ணோம்"னு எவனாவது வாயத் தொறந்தா செத்தான். கேக்காமலே பதில் சொல்றவன் எதையோ மறைக்கறான்ங்கறது அக்காவோட கட்சி. வீட்லயும் அதே கதைதான். பால் பாக்கெட்ல தேதி பளிச்சுன்னு இருந்தாலும் ஒரு தடவ மோந்து பாத்துடுவாங்க.

இப்படிப்பட்டவங்களுக்கு நாப்பத்தாறு வயசுல ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துச்சுன்னா அதுக்குக் காரணம் அவங்க கொழுந்தனார். சொந்த வண்டிய ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் யார் வேணா ஓட்டிப் பாக்கற நாளுக்கு டிராக் டேன்னு பேரு. அப்படி ஒரு நாள்ல அவர் அக்காவ பக்கத்து சீட்ல கட்டிப்போட்டு மூணு ரவுண்டு சுத்தினாரு. மொத வளைவுலயே அக்கா உடம்ப அப்படியே பக்கவாட்டுல இழுத்துச்சு. வாழ்நாள் பூரா மேலயும் கீழயுமே போய்ட்டு வந்தவங்க. எறங்கினாங்க. ஹெல்மெட்ட மட்டும் திருப்பிக் குடுக்காம மடியில வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், பதினாலு வண்டி. செவப்பு டர்போ ஒண்ணு, நேர் ரோட்ல புலி, ஆனா எடை ஒரு யானை, நாலு வளைவுல பிரேக் மூச்சு வாங்கிடும். கூரை தொறக்கற வண்டி ஒண்ணு, டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில ஈரம். இன்னொண்ணுல எந்தக் குறையுமே கிடைக்கல, அதனாலயே வேணாம்னுட்டாங்க. அவங்க தேடினது ஒரே மாதிரி வண்டிதான். எடை கம்மி, கியர் கையால போடணும், பின்சக்கரம் தள்ளணும், ஞாயித்துக்கிழமை மலை ரோட்ல போறப்ப வீட்டுக்காரர் முட்டி டாஷ்போர்டுல இடிக்கக் கூடாது.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். வாரத்துல ஆறு நாள் நாப்பது கிலோமீட்டர் வேகத்துலயே போய்ப் பழகின மனுஷன்.

"இது பதினஞ்சாவது. அரிசில கல்லு பொறுக்கலாம், நீ கல்லுல கல்லு பொறுக்கற. இதுக்கு மேல லிஃப்ட்லயே ரேஸ் விட்டுக்கோ, நான் வரமாட்டேன்"னாரு.

அவர் கடுப்புலயும் நியாயம் இருந்துச்சு. டிராக் கிளப்ல புதுசா ஆள் சேக்கறது வருஷத்துக்கு ஒரு தடவ. வண்டி நம்பரோட ஃபாரம் குடுத்தாதான் சேத்துப்பாங்க. ரெண்டு வருஷம் வண்டி இல்லாமலே தேதி போயிருச்சு. இந்த வருஷம் கடைசித் தேதி அன்னைக்குத்தான், ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. பதினஞ்சாவது வண்டி இருந்த வீட்டுக்கு அவங்க போய்ச் சேந்தப்ப மணி மூணு.

வண்டிக்காரர் பல் டாக்டர். சாம்பல் கலர்ல ரெண்டு சீட்டு வண்டி, ஷெட்ல தூசியில்லாம நின்னுச்சு. சூடான இன்ஜின் குறைய மறைச்சுடும், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு அக்கா ஃபோன்லயே சொல்லியிருந்தாங்க. வந்ததும் பானட்ல கைய வச்சுப் பாத்தாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு.

"சொன்ன மாதிரியே செஞ்சிருக்காரு"ன்னு வீட்டுக்காரர் காதுல சொன்னாங்க. "எதுக்கு இவ்ளோ நல்லவரா இருக்காரு?"

"அவர் நல்லவரா இருக்கறதுக்குக்கூட உன்கிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா?"

டாக்டர் சிரிச்ச மொகமா விவரம் சொன்னாரு. வண்டி வாங்கி மூணு வருஷம் ஆச்சாம். சீட்டு ரொம்பத் தாழ்வு, அவருக்கு முதுகு வலி, எடுக்கறதே இல்ல. சம்சாரம் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவங்க, மாசத்துல ஒரு சனிக்கிழமை டியூட்டிக்கு மட்டும் எடுத்துட்டுப் போவாங்களாம். "டிராக் பக்கமே போனதில்ல மேடம். வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்."

டிராக் பத்தி யாரும் கேக்கவே இல்ல. அக்கா கையோட கொண்டுவந்த பாய விரிச்சு டார்ச்ச எடுத்துட்டு வண்டிக்கு அடியில போய்ட்டாங்க.

முன்சக்கர வளைவுக்குள்ள மொளகு மொளகா உருகின ரப்பர் ஒட்டியிருந்துச்சு. டயரோட வெளி ஓரம் மட்டும் சொரசொரன்னு தேஞ்சிருக்கு. பிரேக் டிஸ்க்ல லேசா நீலம், நல்லா சூடேறி ஆறினாத்தான் அந்த நெறம் வரும். எல்லாத்துக்கும் மேல, அடியில இருக்கற ஒவ்வொரு நட்டுலயும் மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு. நட்ட முறுக்கினதும் நட்டையும் பக்கத்து இரும்பையும் சேத்து ஒரே கோடா இழுத்துடறது, அப்புறம் நட்டு ஒரு மயிரிழை அசைஞ்சாலும் கோடு ரெண்டா ஒடஞ்சு காட்டிக் குடுத்துடும். லிஃப்ட் வேலைல அக்காவே தெனம் போடற கோடுதான். ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிக்கு இத எவன் போடுவான்?

வெளிய வந்து கைய தொடச்சாங்க. "டாக்டர், இது டிராக்ல ஓடின வண்டி."

"இல்லவே இல்ல மேடம்."

"சோத்துல பூசணிக்காய மறைக்காதீங்க. ரப்பர் சொல்லுது, டிஸ்க் சொல்லுது, நீங்க மட்டும்தான் சொல்ல மாட்டேங்கறீங்க."

டாக்டர் மொகம் செவந்துருச்சு. "நான் எதுக்கு மேடம் பொய் சொல்லணும்?"

வீட்டுக்காரர் ஷெட் கூரைல என்ன டிசைன்னு பாக்கற மாதிரி மேல பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பத்தான் டாக்டர் சம்சாரம் தண்ணி டம்ளரோட வந்தாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டு, சத்தமே இல்லாத ஆளு. டம்ளர வச்சுட்டு சாவிய எடுத்தாங்க. "வாங்க, ஒரு ரவுண்டு காட்டறேன்."

தெருமுனை வரைக்கும் பஸ் மாதிரிதான் போனாங்க. குடோனுங்க இருக்கற காலி ரோடு வந்துச்சு, கோடில ஒரு பெரிய வளைவு. வளைவுக்கு முன்னாடியே பிரேக்க அழுத்தி, அப்படியே பூ மாதிரி விட்டு, ஸ்டியரிங்க ஒரே ஒரு தடவ திருப்பினாங்க. வண்டி கோடு போட்ட மாதிரி வழுக்கிட்டுப் போச்சு.  அக்காவுக்குப் புரிஞ்சு போச்சு.

"உங்க சனிக்கிழமை டியூட்டி ஆஸ்பத்திரில இல்ல."

"இல்ல." வண்டிய ஓரங்கட்டினாங்க. "மாசத்துல ஒரு சனிக்கிழமை, டிராக்ல. பாவம், அவருக்குத் தெரியாது. உங்களுக்கு உண்மைய சொல்லிடறேன் அக்கா. ரெண்டாவது கியர் கத்தும். ரெண்டு தடவ டிராக்க விட்டு மணல்ல எறங்கியிருக்கு. முன் பம்பர் சுவத்துல ஒரசி பெயிண்ட் அடிச்சது. வலது பின்சக்கர ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் ஒழுகுது, மாத்தணும்."

பதினஞ்சு வண்டில வாயத் தொறந்து குறை சொன்ன மொத ஆளு. அக்கா மனசு ஒரு நிமிஷம் எளகிருச்சு. அடுத்த நிமிஷமே சுதாரிச்சுக்கிட்டாங்க.

"அந்த ஷாக்க நான் வெரல வச்சுப் பாத்தேனே. காஞ்சு கெடக்கு."

அந்தம்மா ஸ்டியரிங்ல இருந்த கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

"எத்தன பேர இப்படித் தொரத்தி விட்டீங்க?"

"ஆறு பேர்." கண்ணாடியக் கழட்டி முந்தானைல தொடச்சாங்க. "இத வித்துடலாம், ஆஸ்பத்திரிக்குச் சாதா வண்டி போதுமேன்னாரு அவரு. எதுக்கு இது வேணும்னு நான் என்னன்னு சொல்ல? திருட்டு வேல பாக்கற மாதிரி ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டு... சரி விடுங்க. உங்க கண்ணுல மண்ணத் தூவ முடியாது. வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

தேடின வண்டி இதுதான். அக்காவுக்கு இதுல சந்தேகமே இல்ல. சும்மா தலையாட்டிட்டுப் போனா ஆறு மணிக்குள்ள நம்பர எழுதிக் குடுத்துடலாம். ஆனா அந்த மனுஷன் ஷெட்ல செவந்த மொகத்தோட நிக்கறாரே.

"அவர பொய்யர்னு மொகத்துக்கு நேரா சொன்னது நான். அது தப்புன்னு தெரிஞ்சுகிட்டே பேப்பர்ல கையெழுத்துப் போட எனக்குக் கை வராதுமா. நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன்."

திரும்பி வந்து அந்தம்மாவேதான் சொன்னாங்க. டாக்டர் ஷெட் படில உக்காந்துட்டாரு. 

"மூணு வருஷமா நான் காலைல எழுந்து டிபன் கட்டிக் குடுத்தேன்."

"அங்க உக்காந்துதான் சாப்ட்டேன். நெஜமா."

டாக்டர் அக்காவ நிமிந்து பாத்தாரு. "இவ நல்லா ஓட்டறாளா?"

 உண்மைய சொன்னா இந்த வண்டி கைக்கு வராதுன்னு அக்காவுக்கு நல்லாவே தெரியும். "நான் பாத்ததுல இவங்க அளவுக்கு யாரும் ஓட்டல டாக்டர். நீங்க பொய் சொன்னீங்கன்னு சொன்னது என் தப்பு."

"அப்போ வண்டிய விக்கல"ன்னு எழுந்து உள்ள போய்ட்டாரு.

மணி அஞ்சு. அக்கா பாய சுருட்டினாங்க, சரியா வரல, பிரிச்சு மறுபடி சுருட்டினாங்க. வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாருன்னு பாத்தா, டார்ச்ச வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. கேட்டத் தாண்டறப்ப அந்தம்மா ஓடி வந்தாங்க, கையில டிராக் கிளப் ஃபாரம் ஒண்ணு.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் போடலாம் அக்கா. வண்டி நம்பர எழுதிட்டேன்."

அக்கா கைய நீட்டல. "எதுக்கு?"

"ஷாக்குல வெரல வச்சுப் பாத்தது ஏழு பேர்ல நீங்க ஒருத்தர்தான். அடியில போய்ப் பாக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

"உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"அடுத்த சனிக்கிழமை பாக்க வர்றேங்கறாரு. கோவமாத்தான் சொன்னாரு."

ஃபாரத்த வாங்கி முன்பக்கம் படிச்சாங்க, திருப்பிப் பின்பக்கம் படிச்சாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நம்பர வண்டி நம்பரோட ஒத்துப் பாத்தாங்க. மழை பேஞ்சா யாரு மொதல்ல ஓட்டறதுன்னு கேட்டாங்க. நீங்கதான்னு பதில் வந்துச்சு. அது ஏன்னும் கேட்டாங்க.

"மணி அஞ்சே கால்"னாரு வீட்டுக்காரர்.

"இருங்க. என் பேரு எதுக்கு ரெண்டாவது வரியில இருக்கு?"

"ஏன்னா அது அவங்க வண்டி. போடு கையெழுத்த."

போட்டாங்க. பேனா மூடிய மூடிட்டு, எழுதின நம்பர இன்னொரு தடவ ஒத்துப் பாத்தாங்க.